உப்புச் சாலையிலிருந்து முந்நூறு அடி

சரளை வெளியில் முழங்கால் ஊன்றி
ஒரு சாண் சதுரச் சட்டத்தை வைக்கிறேன்.
காலை ஆறு மணி. அட்லாண்டிக்
மூடுபனியாய் ஏறி வந்து
என் கழுத்துப்பட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது.

இப்போது பார்த்தால்தான் உண்டு.
நேற்றுப் பகலெல்லாம் கருகிய காகிதமாய்க் கிடந்த கல்பாசி
விளிம்பு தளர்த்திப் பச்சை காட்டுகிறது.
ஆரஞ்சு நிறத்தது, சுண்டுவிரல் உயரப் புதர்,
நகம் பட்டால் வளைந்து கொடுக்கிறது.
பத்து மணிக்குத் தொட்டால் அப்பளம்.

பூஞ்சை சுவர் எழுப்பும், பாசி உலை வைக்கும்.
யார் வீட்டில் யார் குடியிருக்கிறார் என்ற தகராறில்
ஸ்வாகோப்முண்ட் அலுவலகத்தில் இரண்டு பேருக்குள்
பேச்சுவார்த்தை இல்லை.

என் பொறுப்பு தடம் பதினேழு.
எழுபத்தொன்பதில் ஒரு லாரி பனியில் வழி தப்பி
இங்கே வந்து, அரைவட்டம் அடித்து,
திரும்பிப் போனது.
அவ்வளவுதான் நடந்தது.
அரைவட்டம் போகவில்லை.
டயரின் பல்வரிசை, ஜாக்கி ஊன்றிய குழி,
பக்கத்தில் குந்தியிருந்த ஒருவரின்
இரண்டு குதிகால்.

உப்புக் கம்பெனியின் பழைய பேரேட்டில் தேடினேன்:
ஓட்டுநர் எலியாசர் கரிசெப். பின் டயர் ஒன்று.
தாமதத்துக்கு அபராதம் நான்கு ராண்ட்.
எனக்கு மூன்று வயதாகும்போது அவர் இல்லை.
புகைப்படம் எடுத்துக்கொண்டவரும் இல்லை.
அறிக்கைப் படிவத்தில் காற்றின் வேகத்துக்குக் கட்டம் உண்டு,
ஒட்டகம், நெருப்புக்கோழி, சைக்கிள்காரர்களுக்குக்கூட உண்டு.
இதற்கு இல்லை.

வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர்,
அதுவும் நல்ல வருடத்தில்.
தடம் மூடிக்கொண்டால் திட்டம் வெற்றி,
என் சம்பளம் அதற்குத்தான்.

இடது குதிகாலின் விளிம்பில்
இந்த வருடம் ஒரு பொட்டு, மஞ்சளும் ஆரஞ்சுமாய்.
கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்தால்
ஆறு வருடம் பின்னால் போகும்.
பனிக்குள் யாரும் இல்லை.
விரலை வாயில் வைத்துச் சூடாக்கிக்கொண்டேன்,
குளிருக்கு.

ஆறரை மில்லிமீட்டர் என்று எழுதினேன். உண்மையான அளவுதான்.

வந்த கற்களிலேயே கால் வைத்துத் திரும்பவேண்டும்,
அது விதி. பதினான்கு கற்கள், கனவிலும் தெரியும்.
இன்று ஒன்பதாவதில் கால் இடறி
அவர் குந்தியிருந்த இடத்துக்கு அருகே
ஆழமாய் ஒரு குதிகால் பதிந்துவிட்டது.

பனி காரணமாகத் தவறு.
ரோஸ்விதா கரிசெஸ், கையொப்பம்.
அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.