வரிசை எண் பதினேழு

அழிக்கச் சொல்லி உத்தரவு வந்தது
வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முன்.
நாற்பத்தொரு கள்ளத் துப்பாக்கி,
நூற்றுப் பன்னிரண்டு தோட்டா.
நான் ஜார்ஜ் டவுன் கோர்ட்டில் சொத்து அறைக் கிளார்க்.
பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம்.
மற்றது எங்கே என்று கேட்டால்
எல்லோரும் மின்விசிறியைப் பார்ப்பார்கள்.

எலி கடித்த வெள்ளைத் துணிகள்.
மே மாதத்தில் இளகி
ஜூலையில் வேறு வடிவத்தில் இறுகிய அரக்கு.
அரிவாள்கள் ஒரு மூலை, சாராயக் கேன்கள் ஒரு மூலை,
நடுவே ஒரு தையல் மிஷின்.
அதால் யார் யாரை என்ன செய்தார்கள் என்று
எந்தக் காகிதத்திலும் இல்லை.

ஆயுதப்படையிலிருந்து எபினேசர் வந்தார்.
ஒவ்வொன்றையும் மடக்கி, குழல் வழியே
ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்தார்.
“இது லாரி ஸ்டியரிங் ராடு மேடம்.
இந்த ஸ்பிரிங் ஏதோ கதவுத் தாழ்ப்பாள்ல இருந்தது.
பிடிக்கு சைக்கிள் டியூப் சுத்தியிருக்கான் பாருங்க.”
செய்தவன் கைகாரன் என்று சொல்ல வாயெடுத்து
சொல்லாமல்
அடுத்ததை எடுத்தார்.

ஏழாவது, ரயிலில் குக்கருக்குள் வந்தது.
விசிலும் கைப்பற்றப்பட்டதாக மகஜர் சொல்கிறது.
பன்னிரண்டாவது காசிமேட்டில், ஐஸ் பெட்டிக்கு அடியில்.
ஒன்பது வருஷமாகியும் மீன் வாடை போகவில்லை.

இருபத்தாறில் என் விரல் நின்றது.
அந்த வழக்கில் சாட்சி சொல்ல வந்தவள்
வாய்தா வாய்தாவாய் ஆறு வருஷம்
இந்த வாசல் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள்.
பிள்ளை முதலில் வயிற்றில்,
பிறகு இடுப்பில்,
பிறகு யூனிஃபார்மில், ஒரு பக்கம் ஷூ லேஸ் அவிழ்ந்து.
எல்லோரும் விடுதலை என்று தீர்ப்பான அன்று
கதவருகே வந்து கேட்டாள்:
“அது இன்னும் உள்ளதான் இருக்குதாக்கா?”
இருக்கு.
“பூட்டியா?”
பூட்டி.

தோட்டா எண்ணிக்கை சரியாக இருந்தது.
துப்பாக்கி நாற்பது.
மறுபடி எண்ணினோம். நாற்பது.
பதினேழின் துணி இருந்தது, சீட்டு இருந்தது,
அரக்குகூட மற்றவற்றைவிட ஒழுங்காக இருந்தது.
பிரித்தால்
ஒரு பித்தளைத் தண்ணீர்க் குழாய், திருகோடு.
எடை குறையக் கூடாதென்று
யாரோ அக்கறைப்பட்டிருக்கிறார்கள்.

தலைமை எழுத்தர் தணிகாசலம்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வெகுநேரம்.
“உலைக்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதாம்மா.
நாற்பத்தொண்ணுன்னு போட்டுடு.”
ஓய்வுக்கு அவருக்கு நாலு மாசம்.
எபினேசர் வெளியே போய்
யாரும் கூப்பிடாத போனில் பேசிக்கொண்டிருந்தார்.

பேனா மூடியை மூன்று முறை திறந்து மூடினேன்.
நாற்பது என்று எழுதினேன்.
குறிப்புப் பத்தியில்: பதினேழு, இல்லை.
குழாயை அதே துணியில் கட்டி
புது அரக்கு உருக்கி ஊற்றும்போது
கட்டைவிரல் சுட்டுக்கொண்டது.

மணலி உலையில் நாற்பதும் சத்தமில்லாமல் போயின.
ஒன்றாவது வெடிக்கும் என்று நினைத்திருந்தேன்.
உலைக்காரர் ரசீதில் ‘பழைய இரும்பு’ என்று போட்டார்.
இருபத்தாறு போய்விட்டது என்று
அவளிடம் சொல்ல நினைத்தேன்.
என்னிடம் இருப்பது
வழக்குக் கட்டில் உள்ள முகவரி.
அந்த இடத்தில் இப்போது மேம்பாலத் தூண்.

பாரிமுனையில் ஷேர் ஆட்டோ.
நெருக்கி உட்கார்ந்தால் எட்டுப் பேர்.
எதிர்ப் பக்கம் ஒரு பையன்,
மீசை இப்போதுதான் அரும்புகிறது,
பள்ளம் வரும்போதெல்லாம்
சட்டை நுனியை இழுத்து விட்டுக்கொள்கிறான்.
போனாக இருக்கும்.
பெல்ட்டாக இருக்கும்.
நான் இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது.
இன்னும் அவன் இடுப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
“இன்னாக்கா?” என்கிறான்.