ஒரு சாண்

வாரத்தில் ஐந்து நாள் பல் செய்கிறேன்.
பீங்கான் பல், அடுத்தவர் வாய்க்கு.
ஆறாம் நாள் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு
பல்சக்கர இடுக்கில் கறுத்த எண்ணெயைப்
பழைய டூத்பிரஷால் தேய்க்கிறேன்.
ஞாயிறு பந்தயம்.

ஃபிளாண்டர்ஸின் இந்த மூலையில் மலை கிடையாது.
காற்றுதான் மலை.
வடகடலில் புறப்பட்டு உருளைக்கிழங்கு வயல் தாண்டி
நெஞ்சுக்கு நேரே வந்து நிற்கும்.
உச்சி என்று ஒன்றைக் காட்டாது.

திருவிழா வாரத்தில் ஊருக்கொரு பந்தயம்.
மதுக்கடை மேஜையில் ஐந்து யூரோ வைத்தால்
முதுகுக்கு ஓர் எண்.
முடிந்ததும் எண்ணைக் கொடுத்தால் ஐந்து யூரோ திரும்ப வரும்.
பதினொரு வருடமாக ஒரே தாள்தான்
போய்ப் போய் வருகிறதோ என்று எனக்குச் சந்தேகம்.
வென்றதில்லை. ஒருமுறை ஒன்பதாவது;
ஒரு பை வெங்காயம் தந்தார்கள்.

என் பந்தயம் என்பது லுட்வினாவின் பின்சக்கரம்.
மீன் வண்டிக்காரி, ஐம்பதை நெருங்குகிறாள்.
அவள் சக்கரத்துக்கும் என் சக்கரத்துக்கும் நடுவில்
ஒரு சாண்.
அந்த ஒரு சாணில் காற்று இல்லை.
பதினொரு வருடம் அங்கேதான் குடியிருந்தேன்.
முதுகு எனக்கு மனப்பாடம்:
வலது முழங்கால் கொஞ்சம் வெளியே போகும்.
பாயப்போகும் முன் இடது தோள் இறங்கும்.
தெரிந்தும் ஒவ்வொரு முறையும் விட்டுவிடுவேன்.
பேசியதில்லை.
"பள்ளம்!" "கார்!" என்பதெல்லாம் பேச்சில் சேராது.

குளிர்காலம் முழுக்கக் கார் ஷெட்டில்,
உருளைகளின் மேல்.
மூன்று மாதம் மிதித்தும் எதிர்ச்சுவர் நெருங்கவில்லை.

ஒரு கோடையில் தனியாகக் கிளம்பினேன்.
இரண்டு பை, ஒரு கூடாரம், டென்மார்க்கின் நுனி வரை.
ஒரு படகுத்துறையில் ரொட்டி தின்றுகொண்டிருக்கையில் உறைத்தது:
முன்னால் முதுகு இல்லாததால்
என்ன வேகத்தில் வந்தேன் என்றே தெரியவில்லை.
மெதுவாகத்தான் வந்திருப்பேன்.
நன்றாக இருந்தது.
மறுநாள் திரும்பிவிட்டேன்.

செப்டம்பர், மழை, கடைசிச் சுற்று.
தேவாலயத் திருப்பத்தில் கற்கள்
சோப்புப் போட்ட மாதிரி.
லுட்வினா விழுந்தாள்,
முதலில் தோள், பிறகு முகம்.
நான் பிரேக் பிடித்தேனா?
இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும்.
விலகி ஓட்டினேன்.
அன்றைக்கு ஏழாவது.
எண்ணைக் கொடுத்தேன், ஐந்து யூரோ கொடுத்தார்கள்.

அடுத்த வியாழன், மருத்துவர்களிடமிருந்து வரும் பெட்டிகளில்
மூன்றாவதைத் திறந்தால்
ஒரு பிளாஸ்டர் அச்சு.
மேல்வரிசை. முன்பல் ஒன்று இல்லை.
சீட்டில் அவள் பெயர்.
இத்தனை நாள் முதுகைப் பார்த்தவளின் உள்ளங்கைக்கு
வாய் வந்து சேர்ந்தது.
விளக்கடியில் திருப்பிப் பார்த்தேன்.
கோரைப்பற்கள் இரண்டும் தேய்ந்து தட்டையாக இருந்தன.
ஆக, அவளும் பல்லைக் கடித்துக்கொண்டுதான்
ஓட்டியிருக்கிறாள்.
நான் அவளுக்குச் சுலபம் என்றல்லவா
நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றரை மணி நேர வேலை. இரண்டு நாள் எடுத்தேன்.
முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
பீங்கான் ஓர் அடுக்கு, சூளை, இன்னோர் அடுக்கு.
பழைய பல்லாகத் தெரியட்டும் என்று
ஓரத்தில் மயிரிழையாய் ஒரு கீறல்.

ஏப்ரலில் மறுபடி பந்தயம்.
எதிர்க்காற்று. அதே ஒரு சாண்.
கால்வாய்ப் பாலத்தருகே அவள் திரும்பிப் பார்த்தாள்,
ஒட்டிக்கொண்டு வருவது யார் என்று.
மூச்சுக்காக வாய் திறந்திருந்தது.
கண்ணிமைக்கும் நேரம்தான்;
அதற்குள் பார்த்துவிட்டேன்.
ஒரு சாயல் வெளுப்பு கூடிவிட்டது.

இடது தோள் இறங்கியது.