எட்டு மணி வரை

இந்த உறைக்கு ஸ்டாம்பு வேண்டாம்.
அரசாங்கமே மூலையில் அச்சடித்துச் சொல்லிவிட்டது.
எடை என்னவோ மற்றத் தபாலின் எடைதான்,
இருந்தாலும் பிரிக்கும்போது
கை கொஞ்சம் மெதுவாகும்.

ஓட்டு எண்ணும் நாள், விடியற்காலை நாலரை.
எழும்பூரில் நாங்கள் ஆறு பேர், ஒரு மின்விசிறி.
மீனம்பாக்கத்துப் பை அவிழ்ந்தது:
ஏடிஎம் கார்டு, கோர்ட்டு நோட்டீஸ்,
முகூர்த்தம் முடிந்துபோன ஒரு கல்யாணப் பத்திரிகை,
நடுவில் பதினாறு உறைகள்,
எல்லாமே பனி பெய்யும் ஊர்களின் முத்திரை.
பத்ருன்னிசா மேடம் இருமுறை எண்ணி
பட்டியலில் எழுதி, அரக்கு வைத்து,
ஆறு மணி வண்டியில் ஏற்றிவிட்டார்.

பதினேழாவது ஏழு பத்துக்கு வந்தது,
ஓட்டேரிப் பையில்.

பழைய வண்ணாரப்பேட்டைக்குப் போக வேண்டியது.
பின்கோடில் இருபத்தொன்றைப்
பன்னிரண்டாக எழுதிவிட்டார் அந்த மனுஷன்.
விரல் விறைத்திருக்கும்.
அவர் ஊர் பெயரே அவருக்கு
தலைகீழாக ஞாபகம் வரும் அளவுக்குக் குளிர் இருந்திருக்கும்.
பெயர் இல்லை, அனுப்புநர் கையொப்பம் மட்டும்,
'ச'வில் தொடங்கிக் கோடாக ஓடிவிடுகிறது.
சங்கிலியோ, சந்தானமோ, சாமுவேலோ.
முகவரித் தாளைப் பசையில் ஒட்டவில்லை,
சோற்றுப் பருக்கை.
காய்ந்து என் விரலில் நெருடியது.
உள்ளே இன்னோர் உறை,
உறுதிமொழி, அதிகாரி சாட்சி.
இத்தனை சட்டை போட்டுக்கொண்டுதான்
ஓர் ஓட்டு குளிரிலிருந்து கிளம்புகிறது.

"விடு பிரிசில்லா, ஒண்ணே ஒண்ணு" என்றார்கள்.
கன்னியப்பன் ஒன்றும் சொல்லாமல்
பைக்கை உதைத்தார்.

அண்ணா சாலையில் சிக்னல் எல்லாம் மஞ்சள் சிமிட்டியது.
வாலாஜா சாலை முனையில் தடுப்பு,
இரண்டு நிறத்துக் கொடிகள்,
இன்னும் கொளுத்தாத பத்தாயிரம் வாலா.
"ஏஜென்ட்டா?" என்றார் போலீஸ்காரர்.
"தபால்."
"இன்னிக்குமா?"
கடற்கரைக் கல்லூரி வாசலில் செல்போனை வாங்கிக்கொண்டார்கள்,
டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்தார்கள்,
உறையை மட்டும் யாரும் தொடவில்லை.

நீளமான தாழ்வாரம்.
நான் ஓடினேன், நாற்பத்தொன்பது வயதில்,
சேலைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு.

மேசைக்காரர் சுவரைப் பார்த்தார்.
சுவர்க் கடிகாரத்தில் எட்டு இரண்டு.
என் கைக்கடிகாரத்தில் எட்டாக இன்னும் ஒரு நிமிடம்.
அவருக்குப் பின்னால் ஏஜென்ட்டுகள்,
கழுத்தில் அட்டை, கண்கள் சுவரில்.
"மேடம், இங்கே எந்த மணியோ அந்த மணிதான்"
என்றார், தணிந்த குரலில்,
கெட்டவர் இல்லை அவர்.
சிவப்பு மையில் நேரம் எழுதி
மூலையில் இருந்த வேறு கட்டோடு சேர்த்தார்.
திறக்க மாட்டார்களாம். எரிக்கவும் மாட்டார்களாம்,
கொஞ்ச காலத்துக்கு.
எனக்கு ரசீது கொடுத்தார்.

சாயங்காலம் ஜெயித்த வித்தியாசம் பதினாலாயிரத்துச் சொச்சம்.
"பாத்தியா, ஒண்ணால என்ன" என்று
ஆறுதலுக்குத்தான் சொன்னார் கன்னியப்பன்,
கீரை வடையை எனக்குப் பாதி பிய்த்துக் கொடுத்து.
நான் பதில் சொல்லவில்லை.
ஓட்டுப் போடும் நாளில் எனக்கும் டூட்டி.
படிவம் கேட்டு எழுதக் கடைசித் தேதி
எப்போதோ போய்விட்டிருந்தது.
என் விரலில் மை இல்லை,
நகத்துக்கு அடியில் ஒரு பருக்கைத் துணுக்கு இருந்தது.
அதை அப்போதுதான் எடுத்தேன்.

அங்கே, அந்தப் பனியில்,
அவர் ரேடியோ கேட்டுக்கொண்டிருப்பார்.
தான் ஜெயித்ததாகவோ தோற்றதாகவோ
நினைத்துக்கொண்டிருப்பார்.

மறுநாள் நாலரை.
பன்னிரண்டு என்று முடிந்த ஒவ்வொரு உறையையும்
திருப்பி முகவரி படித்துப் பார்த்தேன்.
மேடம் கடிகாரத்தைக் காட்டினார்.
எல்லாமே ஓட்டேரிக்குத்தான்.