திரும்பும்போது எதிர்காற்று

கொழிஞ்சாம்பாறைக்கு வந்து இது ஏழாவது ஞாயிறு.
இரண்டு சைக்கிள்.
என்னுடையது பழசு. முன்பாரில்
அமலிக்கென்று ஒரு இரும்புச் சீட்டு.
வெல்டிங் சூடு ஆறும்வரை
கடைவாசலில் குந்தி
வாயால் ஊதிக்கொண்டே இருந்தாள்.

ஜெசிந்தாவுடையது புதுசு.
பிளஸ் டூ முடித்தபின் தொட்டதே இல்லை என்றவள்
முதல் வளைவிலேயே எங்களை முந்திவிட்டாள்,
கைப்பிடியில் பிஸ்கட் பை ஆட.

கிழக்கே போக மிதிக்க வேண்டாம்.
மலைகள் விட்டுவைத்த இடைவெளியில் நுழைந்து
ஆடிக்காற்று
முதுகில் கைவைத்துத் தள்ளுகிறது.
பனையோலைகள் அத்தனையும்
தமிழ்நாட்டைப் பார்த்தே கிடக்கின்றன.

"இந்தக் காத்து எங்கேருந்து வருது?"
கடல்லேருந்து.
"நம்ம கடலா?"
இது வேற. மலைக்கு அந்தப் பக்கம் ஒண்ணு இருக்கு.
திரும்பி உட்கார்ந்து
நாக்கை நீட்டிக்கொண்டே கொஞ்சதூரம் வந்தாள்.
"உப்பே இல்ல. பொய் சொல்றே."

தூத்துக்குடியில் மீனைக் குளிரவைத்தேன்,
இங்கே சொசைட்டியில் பாலை.
கம்ப்ரசருக்கு அதே இருமல்தான்.
துவைத்த என் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் மடித்து வைத்தாள் ஜெசிந்தா
முதல் வாரம்.

அங்கன்வாடியில் பூனைக்குப் பூச்ச, நாற்காலிக்குக் கசேர.
இரண்டு வாரம் அழுதாள் அமலி.
மூன்றாம் வாரம் ஒருநாள் செருப்பைக் கழற்றாமலே ஓடிவந்து
"உப்புக்கு டீச்சரும் உப்புன்னுதான் சொல்றாங்க" என்றாள்,
திருடனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டவள்போல.

கோபாலபுரம்.
கோடு எங்கே என்று இறங்கித் தேடினாள்.
தார்ச்சாலை நிறம் மாறும் இடத்தைக் காட்டினேன்.
இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால்
வைத்து நின்றாள். லாரி ஹாரன் அடித்தான்.
தமிழ்நாட்டில் மூன்று டீ,
ஒன்று ஆற்றியது.

திரும்பும் வழியில் கால்நடைச் சோதனைச் சாவடி.
சைக்கிளை யாரும் நிறுத்துவதில்லை.
எங்களை மட்டும் ஏன் நிறுத்தவில்லை என்று
அமலிதான் நிறுத்தினாள்.
பிளாஸ்டிக் நாற்காலிக்காரர் பேப்பரை மடித்தார்.
"கையிலெந்தா மோளே?"
"ஆடு."
துணி ஆடு, ஒரு கண் பொத்தான்.
அவர் அதன் காதைத் தூக்கிப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார்,
"குத்திவெப்பெடுத்தோ?"
என்னைப் பார்த்தாள். ஊசி போட்டாச்சான்னு கேட்கிறார்.
"போட்டாச்சு. அழவே இல்ல."
பழைய ரசீதின் வெற்றுப்பக்கத்தில்
ஆடு 1 என்று எழுதிக் கிழித்துக் கொடுத்தார்.
சிரிக்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

நூறு அடி போவதற்குள் காற்று
சீட்டைப் பிடுங்கிக்கொண்டது.
அது சாவடியைத் தாண்டி, லாரிகளைத் தாண்டி
தமிழ்நாட்டுக்கே போய்விட்டது,
ஆடு இங்கே, ரசீது அங்கே.
"இனி யாராவது கேட்டா?"
ஜெசிந்தா சொன்னாள்: நான் சாட்சி சொல்றேன்.

இனி மேற்கு.
மிதித்தால் நிற்கிறது, நிறுத்தினால் பின்னால் போகிறது.
இறங்கித் தள்ளினோம் இருவரும்.
அவள் ஷால் என் முகத்தில் வந்து ஒட்டியது,
எடுக்க இருவருக்கும் கை இல்லை.
துணி வழியே பார்த்துக்கொண்டு நடந்தேன்
பச்சையாக ஒரு ஊரை.

கள்ளுக்கடை தாண்டியதும்
அமலி தலை தொங்கத் தொடங்கியது.
தூங்குமுன் ஒருமுறை குனிந்து
ஹேண்டிலைப் பிடித்திருந்த என் முழங்கையை
நக்கிப் பார்த்தாள்.
"இங்க இருக்கு" என்றாள்.

வீடு வந்து சேர்ந்தபோது
என் பின்டயரில் காற்று இறங்கியிருந்தது.
நாளைக்குப் பார்க்க வேண்டும்.