லண்டன் நேரம் மாலை ஆறு

திருநெல்வேலிச் சந்தியில் என் கடை.
நாலு கதிரை, மூன்று கணினி,
ஒரு போட்டோக் கொப்பி மெசின், பிரின்றரும் அதுதான்.
மாரியில் ஈரம் ஊறித்
தாளை இரண்டிரண்டாய் விழுங்கும்.

சாம்பவி வந்தபோது இரவு எட்டரை.
ஒஹாயோவில் பன்னிரண்டாம் வகுப்பு.
தகப்பனின் காணி வழக்குக்காக
மூன்று கிழமை லீவு சொல்லி வந்த பிள்ளை.
"அன்ரி, பதினொன்றரைக்குள்ள அனுப்ப வேணும்."
லண்டன் மாலை ஆறு
எங்களுக்குப் பதினொன்றரைதானா என்று
விரல்விட்டு இன்னொருதரம் எண்ணினாள்.

அமெரிக்காவில் இருந்துகொண்டு
ஏன் பிள்ளை வெளிநாட்டுக்கு எழுதுறாய்?
கேட்பதில்லை என்றுதான் இருந்தேன்.
திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னாள்:
"அங்க ஒரு வருசம் படிக்க
கொக்குவிலில நாலு பரப்பு வேணும்.
ஸ்கொட்லாந்து எண்டால் ரெண்டு."
பரப்பு என்ற சொல்லை
தகப்பனின் தொலைபேசிச் சண்டைகளில்தான்
பொறுக்கியிருப்பாள்.
மொத்தம் எட்டுப் பரப்பு.
அதில் மூன்று இன்னும் நீதிமன்றத்தில் படுத்திருக்கிறது.

நாலுக்கு மூன்று தசம் எட்டு, அவளுடைய புள்ளி.
எங்களுக்குத் தசத்துக்குப் பின்னே நாலு இலக்கம்.
கடைசி இலக்கத்தில்
ஒருத்தி டொக்டராவாள்,
ஒருத்தி கொப்பி எடுப்பாள்.

பெறுபேற்றுத் தாளோடு பின்னேரம்
சமாதான நீதவானிடம் போயிருக்கிறாள்.
கழுகு முத்திரைக்குப் பக்கத்தில்
தன் வட்ட முத்திரையை இறுக்கிக் குத்தி
"மூலப்பிரதியைப் பார்வையிட்டேன்" என்று
தமிழில் எழுதிக் கொடுத்திருக்கிறார் மனிசன்.
ஸ்கான் பண்ணும்போது எனக்குச் சிரிப்பு.
அவளுக்கு இல்லை.

நாடு எது என்றது படிவம்.
பட்டியலை உருட்டினாள்.
இலங்கை ஒரு கணம் நீலமாகி
மேலே ஏறிப் போனது.

பத்தேகால்.
பள்ளி ஆலோசகரின் கடிதம் இன்னும் ஏறவில்லை.
அழைத்தாள். அங்கே மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்,
இங்கே நுளம்பு.
ஆங்கிலத்தில் அவள் வேறொருத்தி:
குரல் நிமிர்ந்து, வேகமாய், இடையில் ஒரு பகிடியும்.
போனை வைத்ததும்
மறுபடி நகம் கடிக்கிற பிள்ளை.

காத்திருந்தோம்.
அந்த நேரத்தில் நான் சொல்லாத ஒன்று இருக்கிறது.
ஏ-ஒன்பது மூடிக் கிடந்த காலத்தில்
நானும் எழுதினேன், அபர்டீனுக்கு.
பதில் கப்பலில் வந்தது, ஏழு மாதம் எடுத்து.
உறையை யாரோ திறந்து
திரும்ப ஒட்டியிருந்தார்கள், கவனமாக.
உங்களுக்கு இடமளிப்பதில் மகிழ்கிறோம்,
ஜூலை முப்பத்தொன்றுக்குள் உறுதிசெய்க.
அன்றைக்குத் தேதி டிசம்பர் நாலு.
நல்ல மரியாதையான கடிதம்.
என்ன செய்வதென்று தெரியாமல்
கூப்பன் காட்டோடு வைத்தேன்.
அரிசி வாங்கப் போகும்போதெல்லாம்
அது கூடவே வந்தது.

பதினொன்று ஒன்பதுக்குக் கடிதம் ஏறியது.
எல்லாப் பெட்டியும் பச்சை.
அவள் விரல் மட்டும் மவுஸில் அப்படியே நின்றது.
ஒரு நிமிடம். இரண்டு.
"கிடைச்சால் போகவேணும், என்ன அன்ரி?"
அதற்கு என்ன பதில் இருக்கிறது.
"அமத்து" என்றேன்,
தேவைக்கு மேல் உரத்து.

அமத்தினாள்.
உங்கள் விண்ணப்பம் கிடைத்தது என்று
உடனே வந்து நின்றது மின்னஞ்சல்.
சுவர்க் கடிகாரத்தில் பார்த்தேன்.
பதினொரு நொடி.

வெளியே தகப்பன் ஹோர்ன் அடித்தார்.
ஸ்கான் இருபத்தாறு பக்கம், அறுநூற்றைம்பது ரூபாய்.
"அந்த மெயிலை பிரின்ற் எடுக்கத் தேவையில்லை அன்ரி,
போனில இருக்கு."
எடுத்தேன்.
இந்தமுறை மெசின் ஒரே தாளைத்தான் இழுத்தது.
சூடு ஆறுமுன்
மோட்டார்சைக்கிள் சந்தி தாண்டிவிட்டது.