பதினோராவது வளைவு

சுரண்டுவது என் தொழில்.
ஏற்காட்டு லாட்ஜுகளில் கீசரைக் கழற்றி
காயிலில் படிந்த உப்பைச் சுரண்டினால்
கடைசியில் செம்பு தெரியும்.
எப்போதும் தெரியும்.
அதில் அதிர்ஷ்டத்துக்கு வேலையில்லை.

ஆறே கால் பஸ். மடியில் ஸ்பானர் பை, கையில் போன்.
தினம் ஓர் அட்டை இலவசம்.
சாம்பல் பூசிய ஒன்பது கட்டம்.
விரலால் தேய்த்தால் பெருக்கல் குறி, இல்லையேல் சுழி.
பெருக்கல் மூன்று ஒரே கோட்டில் நின்றால் பரிசு.
அப்பா காலத்துச் சுரண்டல் லாட்டரியில்
நகத்தில் வெள்ளித் தூளாவது ஒட்டும்.
இதில் விரல் வழுக்குகிறது, அவ்வளவுதான்.

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்
இதே கட்டத்துக்காக அர்த்தனாரியோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன்.
அவன் நடுவைப் பிடிப்பான், நான் மூலையை.
முக்கால்வாசி நாள் யாரும் ஜெயித்ததில்லை.
இங்கே எதிரே ஆளே இல்லை.
நான் தொடுவதற்கு முன்பே
எங்கோ ஓர் அறையில் எல்லாக் குறியும் போட்டு
மேலே சாம்பல் பூசி அனுப்பிவிட்டு
'உங்கள் முறை' என்கிறார்கள்.

தெரிந்தேதான் தேய்க்கிறேன்.
மூன்றாவது வளைவில் தொடங்கி வளைவுக்கு ஒரு கட்டம்,
எனக்கு நானே போட்ட சட்டம்.
பத்தைத் தாண்டியபோது எட்டு திறந்திருந்தது.
மேல் மூலையில் பெருக்கல், நடுவில் பெருக்கல்,
கீழ் வலது மூலை மட்டும் மூடியிருந்தது.

பதினோராவதில் பஸ் நின்றது.
சில்வர் ஓக் மரம் ஏற்றி இறங்கிய லாரி
முன்னாலும் வர முடியாமல் பின்னாலும் போக முடியாமல்
வளைவின் கக்கத்தில் மாட்டிக்கொண்டது.
சிக்னல் இல்லை.
கடைசிக் கட்டத்தின் மேல் சின்ன வட்டம் ஒன்று
சுற்றிக்கொண்டே இருந்தது.
அதையே சுழி என்று எடுத்துக்கொள்வார்களோ என்று பயந்தேன்.

கண்டக்டர் மாதையன் இறங்கி
விசில் ஊதி ஊதி ஓய்ந்து
என் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார்.
டிக்கெட்டின் பின்னால் பாக்கி 7 என்று எழுதித் தந்தபோதே
என் போனைப் பார்த்திருப்பார் போல.
கண்ணாடியில் உள்பக்கம் எங்கள் மூச்சு, வெளிப்பக்கம் பனி.
நகத்தால் நெடுக்கே இரண்டு, குறுக்கே இரண்டு இழுத்தார்.
நடுவில் ஒரு பெருக்கல்.
நான் உள்ளிருந்து மூலையில் ஒரு சுழி.
'அ' போட்டிருந்தால் அவருக்கு இடவலம் மாறியிருக்கும்.
இவை இரண்டும் எந்தப் பக்கமிருந்தும் ஒன்றே.

யோசித்தார்.
டீசல் புகையில் இருமிக்கொண்டு
கன்னத்தைச் சொறிந்துகொண்டு
என்னைத் தோற்கடிப்பதற்காக
ஒரு மனுஷன் நின்று யோசித்தார்.

ஒரு பெருக்கலின் கால் வழிந்து என் சுழிக்குள் இறங்கியது.
அதை எண்ணுவதா வேண்டாமா என்று
சைகையிலேயே சண்டை.
எட்டு நிரம்பியது. ஒன்பதாவது அவர் முறை.
விரலைத் தூக்கினார்,
லாரி உறுமியது, ஓடிவிட்டார்.
அங்கே போட்டிருந்தால் ஜெயித்திருப்பாரா என்று
நான் கணக்குப் போடுவதற்குள்
கண்ணாடி முழுக்கத் தண்ணீர்.

பதினாலாவதில் போன் தானாக விழித்தது.
பெருக்கல்!
திரையெங்கும் வண்ணக் காகிதம் கொட்டி
அது போட்ட கூச்சலில்
பின்சீட்டுக் குழந்தை எழுந்து அழுதது.
வாழ்த்துகள். மூன்று ரூபாய்.

மாதையன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்தபடி வந்தார்.
"மூணு ரூபா சில்லறை இருந்தா குடுங்க, பத்தா தந்துடறேன்."
பையைத் துழாவினேன்.
இரண்டு வாஷர், ஒரு திருகாணி.
"இருக்குங்க," என்றேன், "ஆனா கையில இல்ல."

டிக்கெட்டை வாங்கி
அந்த ஏழின் மேலேயே இன்னொரு ஏழை
அழுத்தி எழுதிக் கொடுத்துவிட்டு
பின்படிக்குப் போனார்.