ஆள் மாறாட்டம்

பன்னிரண்டு வருஷம்
முதுநகர் கொட்டகையில் இறால் உரித்த கை.
இந்த ஐப்பசியில்
மணிக்கட்டு வரை தடித்துவிட்டது.

ஜிப்மரில்
முன்கையில் பேனாவால் எண் போட்டு
சொட்டுச் சொட்டாய் விட்டுக் குத்தினார்கள்.
தூசி, ஒன்றுமில்லை.
கரப்பான், கொசுக்கடி அளவு.
இறால், ஐந்து ரூபாய்க் காசு.

"உங்க உடம்பு இதை எதிரின்னு
எழுதி வச்சிருக்கு, அஞ்சலாட்சி."

எப்போது எழுதியது?
என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.
இதை உரித்துத்தான் பையனுக்கு ஃபீஸ் கட்டினேன்,
இதே உடம்புக்குச் சோறு போட்டேன்.

கெடிலம் தெருவுக்குள் வந்த வருஷம்
எலிக்காய்ச்சல்.
நூற்று நாலு டிகிரி கொதித்து, பல் கிட்டி,
ஒன்பதாம் நாள்
கிருமியை அடித்து வெளியே போட்டது
ஊசி பாதி, இந்தக் காவல் பாதி.
அப்போது அதற்குக் கண் தெரிந்தது.

காவல்காரனை வேலையைவிட்டு நிறுத்த
எந்த டாக்டராலும் முடியாதாம்.
ராத்திரிக்கு ஒரு செட்டிரிசின்,
அவன் கொஞ்சம் அசந்து தூங்க.

மேஸ்திரி என் கையைப் பார்த்தார்.
நிறுத்துவது அவருக்குச் சுலபமாக இருந்தது.
கணக்கு முடித்துக் கொடுத்த நோட்டுகளில்
இறால் வாசனை.
எண்ணி முடிப்பதற்குள்
விரல் அரிக்கத் தொடங்கியது.